தடமறியும் செயலியும் தனியுரிமையும்

நுழையும் முன்

தொற்றுநோய் ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. அது வீட்டுக்கு வீடும் ஊருக்கு ஊரும் பரவும். அதைத் தடுக்க வேண்டுமானால், நோயுற்றவர் எங்கெங்கே சென்றார், யார் யாரைச் சந்தித்தார் என்பதை மருத்துவத் துறை அறிந்தாக வேண்டும். ஆனால் ஒருவர் செல்லும் இடமும் சந்திக்கும் மனிதரும் அவருக்கே உரிய செய்திகள். ஊரின் நலனுக்காக ஒருவர் தம்மைப் பற்றிய செய்தியை எவ்வளவு கொடுக்கலாம்? கொடுத்த செய்தியை யார் காப்பார்? 2020ஆம் ஆண்டில் உலக மக்கள் அனைவர் முன்னும் இவ்வினாக்கள் எழுந்தன. அவற்றுக்கு மக்கள் அளித்த வெவ்வேறு விடைகளை இப்பாடம் ஆராய்கிறது.

1. தடமறிதல் என்னும் பழைய முறை

நோயுற்றவரோடு பழகியவர்களைத் தேடிக் கண்டறிவதைத் தொடர்புத் தடமறிதல் என்பர். இது கைப்பேசி வருவதற்கு முன்பே இருந்த முறையாகும். 1970களில் இந்தியாவில் பெரியம்மையை ஒழிக்க நலப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். அம்மை கண்டவரின் படம் அச்சிட்ட அட்டையைக் காட்டி, இத்தகைய கொப்புளங்களோடு எவரேனும் உள்ளனரா என்று கேட்டனர். நோயாளி இருக்கும் இடத்தை முதலில் தெரிவிப்போருக்குப் பரிசும் வழங்கப்பட்டது. நோயாளியைச் சுற்றியிருந்தோர் அனைவருக்கும் தடுப்பூசி போடப்பட்டது. இம்முயற்சியின் பயனாக 1975ஆம் ஆண்டோடு இந்திய மண்ணில் பெரியம்மையின் பரவல் முற்றுப்பெற்றது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா காய்ச்சல் தோன்றியபோதும், நோயுற்றோருடன் தொடர்பிலிருந்தோரைப் பட்டியலிட்டுக் கண்காணித்ததே அந்நோயை அடக்க உதவியது.

இம்முறையில் ஒரு மனிதர் மற்றொரு மனிதரின் எதிரில் அமர்ந்து வினவுகிறார். நோயாளிக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தால்தான் உண்மை வெளிவரும். அதே வேளையில் இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. மூன்று நாள்களுக்கு முன் பேருந்தில் அருகில் அமர்ந்திருந்த அயலாரின் பெயரை எவராலும் சொல்ல இயலாது. மனித நினைவு கைவிடும் அந்த இடத்தில் கைப்பேசி உதவும் என்று வல்லுநர்கள் எண்ணினர். தடமறியும் செயலிகள் அவ்வாறு தோன்றின.

2. செயலி இயங்கும் விதம்

கைப்பேசியில் உள்ள புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலி அலையே இச்செயலிகளின் அடிப்படை. இருவர் அருகருகே இருக்கும்போது அவர்களுடைய கைப்பேசிகள் சில குறியெண்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு திருமண மண்டபத்தில் நூறு பேர் கூடியிருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தம் எண்ணை எழுதிய துண்டுச் சீட்டை, தம் அருகில் வருவோர்க்கெல்லாம் கொடுக்கின்றனர். அவர்கள் தரும் சீட்டுகளையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கின்றனர். மறுநாள் அவர்களுள் ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது. இப்போது இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில், காய்ச்சல் கண்டவர் தம் பையிலுள்ள சீட்டுகள் அனைத்தையும் ஓர் அலுவலகத்தில் ஒப்படைக்கிறார். எந்த எண் யாருடையது என்னும் பதிவேடு அந்த அலுவலகத்தில் இருக்கிறது. அலுவலர்கள் அதைப் பார்த்து உரியவர்களை அழைத்து எச்சரிக்கின்றனர். இது மையமுறை எனப்படும்.

இரண்டாம் வழியில், காய்ச்சல் கண்டவர் தாம் கொடுத்த எண்ணை மட்டும் ஓர் அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுகிறார். பெயரை எழுதுவதில்லை. மற்றவர்கள் அப்பலகையைப் பார்த்து, அந்த எண் தம் பையிலுள்ள சீட்டுகளில் இருக்கிறதா என்று தாமே ஒப்பிட்டுக்கொள்கின்றனர். யார் யாரைச் சந்தித்தார் என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரிவதில்லை. இது பரவல்முறை எனப்படும்.

மையமுறையில் நலத்துறைக்கு நோய் பரவும் போக்கு தெளிவாகத் தெரியும்; அடுத்து எந்தப் பகுதியில் மருத்துவமனைப் படுக்கைகள் தேவைப்படும் என்று திட்டமிட முடியும். ஆனால் மக்களைப் பற்றிய செய்திகள் ஓரிடத்தில் குவியும். பரவல்முறையில் செய்திகள் அவரவர் கைப்பேசியிலேயே தங்கும். ஆனால் எச்சரிக்கை பெற்றவர் தாமாக முன்வந்தாலன்றி நலத்துறை அவரை அறியாது. ஒவ்வொரு முறையிலும் ஒரு நன்மையும் ஓர் இழப்பும் இருப்பதை உணர்ந்தால்தான் மக்கள் ஏன் மாறுபட்ட கருத்துகளைக் கொண்டனர் என்பது விளங்கும்.

இரு முறைகளுக்கும் பொதுவான குறை ஒன்றும் உண்டு. புளூடூத் அலை தொலைவைத் துல்லியமாக அளப்பதில்லை. கைப்பேசி சட்டைப்பையில் இருப்பதும் பைக்குள் இருப்பதும் அலையின் வலிமையை மாற்றும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவருக்கு அப்பால் இருப்பவரையும் அருகில் இருப்பவராக அது கருதக்கூடும்.

3. ஆரோக்கிய சேது

இந்திய அரசு 2020 ஏப்ரல் 2 அன்று ஆரோக்கிய சேது என்னும் செயலியை வெளியிட்டது. ‘சேது’ என்னும் வடசொல்லுக்குப் பாலம் என்பது பொருள். தேசியத் தகவலியல் மையம் இதனை உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இது கிடைத்தது. வெளியான 13 நாள்களில் 5 கோடிப் பேரும், மே மாத நடுப்பகுதிக்குள் 10 கோடிப் பேரும் இதனைப் பதிவிறக்கினர்.

செயலியில் பதிவு செய்வோர் பெயர், கைப்பேசி எண், வயது, பாலினம், தொழில், அண்மைக் காலத்தில் சென்றுவந்த வெளிநாடுகள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. புளூடூத் குறியெண்களோடு, 15 நிமிடங்களுக்கு ஒருமுறை கைப்பேசி இருக்கும் இடத்தையும் செயலி குறித்துக்கொண்டது. இக்குறிப்புகள் கைப்பேசியிலேயே இருக்கும் என்றும், நோய் உறுதியானாலோ நோய்க்கான அறிகுறிகள் தெரிந்தாலோ மட்டுமே அரசின் கணினிக்குச் செல்லும் என்றும் அரசு விளக்கியது. கைப்பேசியில் உள்ள குறிப்புகள் 30 நாள்களில் நீக்கப்படும் எனவும் அறிவிக்கப்பட்டது.

தொடக்கத்தில் விரும்புவோர் பயன்படுத்தும் ஒன்றாக இருந்த செயலி, 2020 மே 1 அன்று வெளியான உள்துறை அமைச்சகத்தின் ஆணையால் அரசு, தனியார் ஊழியர் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. தில்லியை அடுத்த நொய்டாவில், செயலி இல்லாமல் வெளியில் வருவது தண்டனைக்குரியது என்று காவல்துறை அறிவித்தது. மே 12 முதல் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியபோது, பயணிகள் இச்செயலியை வைத்திருக்க வேண்டும் என்று ரயில்வே கூறியது. பிற மாநிலங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு ஊர் திரும்பும் வழி அடைபட்டிருந்த காலம் அது. ஊரில் முதிய பெற்றோரை விட்டுவந்தவர், ரயிலேறுவதற்காகவே செயலியைப் பதிவிறக்கினால், அதனை முழு விருப்பம் என்று சொல்ல முடியுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு.

மே 17 அன்று வெளியான ஆணையில் கட்டாயம் தளர்ந்தது. ஊழியர்கள் செயலியை வைத்திருக்கும்படி செய்ய நிறுவனங்கள் இயன்றவரை முயல வேண்டும் என்று மட்டுமே அது கூறியது. மே 11 அன்று, திரட்டிய தகவல்களை யாருடன் பகிரலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கான நெறிமுறையை அரசு வெளியிட்டது. மே 26 அன்று செயலியின் ஆண்டிராய்டு வடிவத்துக்குரிய மூலநிரல் அனைவரும் காணும்படி வெளியிடப்பட்டது. மக்களும் வல்லுநர்களும் எழுப்பிய வினாக்கள் வீண்போகவில்லை என்பதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன.

4. மக்கள் எண்ணியவை

செயலியைப் பற்றி மக்களிடையே ஒரே கருத்து நிலவவில்லை. அவர்களை நான்கு வகையினராகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகையினர் செயலியை மனமுவந்து ஏற்றனர். உயிர் இருந்தால்தான் உரிமையைப் பற்றிப் பேச முடியும் என்பது அவர்களுடைய வாதம். தம் வீட்டில் முதியோரும் நோயாளரும் இருந்தமையால், ஓர் எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்தாலும் அது பெரும் பேறு என்று கருதினர். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தொற்றுநோய்க் காலத்தில் ஒருவரின் மறைப்பு மற்றொருவரின் உயிருக்கு ஊறாக முடியலாம்.

இரண்டாம் வகையினர் தயங்கினர். இன்று நோய்க்காகத் திரட்டும் தகவல் நாளை வேறொன்றுக்குப் பயன்படாது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டனர். ‘மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்று சிலர் இவர்களை எதிர்த்து வினவினர். அதற்குரிய விடையை அந்நாளின் நிகழ்ச்சிகளே தந்தன. தனிமைப்படுத்தப்பட்டோரின் வீட்டு வாயிலில் பல நகரங்களில் அறிவிப்புத் தாள்கள் ஒட்டப்பட்டன. மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் வெளிநாட்டிலிருந்து வந்தோரின் கையில் அழியாத மையால் முத்திரை இடப்பட்டது. நோயாளிகளுக்குத் தொண்டு செய்த மருத்துவர்களையும் செவிலியரையும் வாடகை வீட்டைக் காலி செய்யுமாறு வீட்டு உரிமையாளர்கள் வற்புறுத்திய செய்திகளும் வந்தன. அவர்கள் எக்குற்றமும் செய்தவர்கள் அல்லர். மறைக்க வேண்டியது எதுவும் அவர்களிடம் இல்லை. ஆயினும் ஒரு செய்தி பிறர் கைக்குப் போனவுடன் அவர்கள் துன்புற்றனர். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்னும் பழமொழியின் பொருள் அப்போது பலருக்கும் விளங்கியது.

மூன்றாம் வகையினர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அலுவலகமோ பயணமோ கேட்டதால் பதிவிறக்கினர். வேலை முடிந்ததும் புளூடூத்தை நிறுத்திவைத்தனர். பதிவிறக்கியோர் எண்ணிக்கை ஏட்டில் உயர்ந்தாலும், இத்தகையோரால் தடமறிதலுக்குப் பயன் விளையவில்லை. கட்டாயத்தால் செயலியைக் கைப்பேசிக்குள் கொண்டுவர முடியும்; அதனை இயக்கிவைக்கும் மனத்தை உண்டாக்க முடியாது.

நான்காம் வகையினர் இவ்விவாதத்துக்கே வெளியில் நின்றனர். திறன்பேசி இல்லாத கட்டடத் தொழிலாளர், வீட்டு வேலை செய்வோர், முதியோர் ஆகியோர் கோடிக்கணக்கில் இருந்தனர். இவர்களுக்காக 1921 என்னும் தொலைபேசி எண் வழியே உதவும் முறை ஏற்படுத்தப்பட்டது. எனினும் நோய் பரவும் வாய்ப்பு மிகுந்த நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த பலர், புளூடூத் தரும் பாதுகாப்பைப் பெறவில்லை.

இங்கே ஓர் உண்மையையும் கருத வேண்டும். உணவு வரவழைக்கவும் வாடகை வண்டி அழைக்கவும் இருப்பிடத்தைத் தயங்காமல் தெரிவிக்கும் மக்கள், நலச் செயலிக்கு மட்டும் தெரிவிக்கத் தயங்கியது ஏன்? அது முரண்பாடு என்று சிலர் கூறினர். ஆனால் உணவு கொண்டுவருபவருக்கு முகவரி எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். வேண்டாமெனில் அச்செயலியை நீக்கிவிடலாம். அரசின் செயலியோடு ஆணையும் தண்டனையும் சேர்ந்துவரலாம். ஆகவே மக்கள் இரண்டையும் வேறுபடுத்திப் பார்த்ததில் வியப்பில்லை. எனினும் வணிகச் செயலிகளும் தேவைக்கு மேல் தகவல் திரட்டுவதுண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அரசிடம் கேட்ட வினாவை வணிக நிறுவனத்திடமும் கேட்பதே முறை.

5. பிற நாடுகளின் பட்டறிவு

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர், 2020 மார்ச் 20 அன்றே தடமறியும் செயலியை வெளியிட்டது. திறன்பேசி இல்லாத முதியோருக்குச் சிறு கருவிகளை வழங்கியது. தகவல்கள் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்னும் உறுதிமொழியை நம்பி, மக்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் அதில் இணைந்தனர். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகக் காவல்துறையும் அத்தகவல்களைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்கள் அதிர்ச்சியும் வருத்தமும் அடைந்தனர். அதன்பின், கொலை போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அத்தகவல்களைப் பயன்படுத்தலாம் என்று 2021 பிப்ரவரியில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தது நன்றே. ஆயினும் உறுதிமொழிக்கு முன்பே அது வந்திருக்க வேண்டும் என்று பலர் கருதினர்.

தென்கொரியா 2015இல் மெர்ஸ் என்னும் நோயால் துன்புற்றது. அப்பட்டறிவால், கைப்பேசி இருப்பிடம், கடன் அட்டைக் கணக்கு, கண்காணிப்புப் படக்கருவி ஆகியவற்றின் வழியே நோயாளியின் தடத்தை அறிய அந்நாட்டில் சட்டம் இடம் தந்தது. 2020இல் நோயாளிகள் சென்ற கடைகளும் நேரமும் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டன. பெயர் சொல்லப்படாவிடினும், அக்குறிப்புகளைக் கொண்டு இன்னார் என்று ஊகித்துப் பலர் பழித்துப் பேசினர். நோயைவிடப் பழிக்கு அஞ்சுவோர் மருத்துவமனைக்கு வராமல் ஒளிவர். ஆகவே 2020 மே மாதத்தில் சியோல் நகரில் பெயரைத் தெரிவிக்காமலே சோதனை செய்துகொள்ள வழி செய்யப்பட்டது. வெளியிடும் குறிப்புகளும் பின்னர்க் குறைக்கப்பட்டன. தனியுரிமையைக் காப்பது நோய்த்தடுப்புக்கு எதிரானதன்று. பல வேளைகளில் அதற்குத் துணையாவதே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நார்வே நாட்டின் செயலி இருப்பிடத் தகவல்களையும் திரட்டியது. நோய்ப்பரவல் குறைந்திருக்கையில் இத்தனை தகவல் தேவையில்லை என்று அந்நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் கூறவே, 2020 ஜூனில் செயலி நிறுத்தப்பட்டது. திரட்டிய தகவல்களும் அழிக்கப்பட்டன. ஜெர்மனி முதலில் மையமுறையைக் கருதியது. வல்லுநர்களின் எதிர்ப்பால் பரவல்முறைக்கு மாறி, 2020 ஜூன் 16 அன்று தன் செயலியை வெளியிட்டது. கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் இணைந்து பரவல்முறைக்கான அடிப்படை வசதியை மே மாதத்தில் வழங்கியிருந்தன. அரசு வகுத்த முறையை நாட்டு மக்கள் வினவியதும், இரு பெரும் நிறுவனங்கள் வகுத்த முறையைப் பல அரசுகள் ஏற்றதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

6. சட்டம் வகுத்த அளவுகோல்

தனியுரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் அடிப்படை உரிமையின் பகுதி என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது. இவ்வுரிமை எல்லையற்றதன்று என்பதையும் தீர்ப்பு தெளிவாக்கியது. அரசு அதனைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் மூன்று அளவுகோல்களுக்கு அக்கட்டுப்பாடு உட்பட வேண்டும். முதலாவது, அதற்குச் சட்டம் இருக்க வேண்டும். இரண்டாவது, நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும். மூன்றாவது, கட்டுப்பாடு தேவையின் அளவை மிஞ்சாதிருக்க வேண்டும்.

நோயைத் தடுப்பது முறையான நோக்கம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. செயலிக்கெனத் தனிச்சட்டம் இல்லாமையே பலரும் சுட்டிய குறை. சட்டத்தின் துணையில்லாமல், செயலி வைத்திராத காரணத்தால் ஒருவருக்கு அரசின் சேவைகளை மறுக்க முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 அக்டோபரில் கூறியது. அதே மாதத்தில், செயலியை உருவாக்கியவர் யார் என்னும் வினாவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தெளிவான விடை கிடைக்காததால் மத்தியத் தகவல் ஆணையம் விளக்கம் கேட்டது. அரசும் தனியார் வல்லுநர்களும் இணைந்து உருவாக்கியது என்று அரசு விளக்கியது. வீட்டு வாயிலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கம் குறித்து 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியின் ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாது என்றது.

பெருந்தொற்று தணிந்தபின் தடமறியும் வசதி நிறுத்தப்பட்டதாகவும், அதன்வழித் திரட்டிய தகவல்கள் நீக்கப்பட்டதாகவும் அரசு 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எண்மத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பர். அடுத்த தொற்று எப்போது வரும் என்பதை எவரும் அறியார். ஆனால் அப்போதும் ஒரு செயலி வரும். அதுவும் மக்களின் தகவலைக் கேட்கும். அந்நாளில் அச்சத்தால் கொடுப்பதும் ஐயத்தால் மறுப்பதும் சிறந்த வழிகள் அல்ல. எந்தத் தகவலைக் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள், யார் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்னும் நான்கு வினாக்களைக் கேட்டு, விடை அறிந்து கொடுப்பதே அறிவுடைய குடிமக்களின் கடமை. அவ்வினாக்களுக்குக் கேட்கும் முன்பே விடை கூறுவது நல்லரசின் கடமை.

சொற்பொருள்

செயலி – கைப்பேசியில் இயங்கும் மென்பொருள்
தடமறிதல் – சென்ற வழியைக் கண்டறிதல்
தனியுரிமை – தன்னைப் பற்றிய செய்தியைத் தானே காத்துக்கொள்ளும் உரிமை
மூலநிரல் – மென்பொருளை உருவாக்க எழுதிய கட்டளைத் தொகுப்பு
நெறிமுறை – பின்பற்ற வேண்டிய ஒழுங்கு
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
ஊறு – தீங்கு
எண்மம் – எண்களாக மாற்றிக் கணினியில் கையாளும் முறை

மொழியை அறிவோம்: செய்வினையும் செயப்பாட்டுவினையும்

‘அலுவலர்கள் தகவல்களைத் திரட்டினர்.’ இத்தொடரில் செயலைச் செய்தவர் எழுவாயாக நிற்கிறார். இது செய்வினை.

‘அலுவலர்களால் தகவல்கள் திரட்டப்பட்டன.’ இத்தொடரில் செயப்படுபொருள் எழுவாயாகிறது. செய்தவர் ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபை ஏற்கிறார். வினையோடு ‘படு’ என்னும் துணைவினை சேர்கிறது. இது செயப்பாட்டுவினை.

‘தகவல்கள் திரட்டப்பட்டன.’ இத்தொடரில் செய்தவர் யார் என்பதே இல்லை. இலக்கணப்படி இது பிழையற்ற தொடர். ஆயினும் அறிவிப்புகளிலும் ஒப்பந்தங்களிலும் இத்தகைய தொடரைப் படிக்கும்போது, ‘யாரால்?’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பொறுப்பு யாருடையது என்பது அவ்வினாவுக்குரிய விடையில்தான் உள்ளது.

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘சேது’ என்னும் சொல்லின் பொருள்: கதவு / பாலம் / நலம்
2. தகவல்கள் அவரவர் கைப்பேசியிலேயே தங்கும் முறை: மையமுறை / பரவல்முறை
3. தனியுரிமை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பு வெளியான ஆண்டு: 2015 / 2017 / 2020

ஆ. பிரித்து எழுதுக.

தனியுரிமை, கைப்பேசி, இருப்பிடம், நாடாளுமன்றம்

இ. செயப்பாட்டுவினையாக மாற்றுக.

1. நலப் பணியாளர்கள் தடுப்பூசி போட்டனர்.
2. அரசு நெறிமுறையை வெளியிட்டது.

ஈ. ‘யாரால்?’ என்னும் வினாவுக்கு விடை சேர்த்து எழுதுக.

1. வாயிலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது.
2. நார்வேயில் தகவல்கள் அழிக்கப்பட்டன.

உ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. மனித நினைவை மட்டும் நம்பும் தடமறிதலின் எல்லை யாது?
2. பதிவிறக்கியோர் எண்ணிக்கை உயர்ந்தும் முழுப்பயன் விளையாதது ஏன்?
3. உச்ச நீதிமன்றம் வகுத்த மூன்று அளவுகோல்கள் யாவை?

ஊ. விரிவாக விடை எழுதுக.

1. மையமுறை, பரவல்முறை ஆகியவற்றின் நன்மை தீமைகளைத் துண்டுச் சீட்டு எடுத்துக்காட்டின் துணையோடு விளக்குக.
2. தனியுரிமையைக் காப்பது நோய்த்தடுப்புக்குத் துணையாகும் என்பதைத் தென்கொரிய நிகழ்ச்சியைக் கொண்டு நிறுவுக.

எ. சிந்தித்து எழுதுக.

1. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், காய்ச்சல் கண்டோரின் பெயரையும் வீட்டு எண்ணையும் அனைவருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்ப எண்ணுகிறது. அங்கு வாழும் முதியவர் ஒருவர் தம் பாதுகாப்புக்கு அது தேவை என்கிறார். நோயுற்ற பெண்மணி ஒருவர் தம் மகளைப் பள்ளியில் மற்றவர் ஒதுக்குவர் என்று அஞ்சுகிறார். இருவர் பக்கமும் உள்ள நியாயத்தை எழுதி, இருவரும் ஏற்கத்தக்க வழி ஒன்றைக் கூறுக.
2. ‘மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?’ இவ்வினாவை உம் பாட்டி கேட்டால் எவ்வாறு விடையளிப்பீர்? பத்துத் தொடர்களில் எழுதுக.

ஏ. செயல்திட்டம்

வீட்டிலுள்ள கைப்பேசி ஒன்றில், பெரியோரின் இசைவைப் பெற்று, ஏதேனும் மூன்று செயலிகள் எந்தெந்தத் தகவலுக்கு இசைவு கேட்டுள்ளன என்பதை அட்டவணைப்படுத்துக. ஒவ்வொன்றும் அச்செயலியின் வேலைக்குத் தேவையா என்பதை வீட்டாருடன் தமிழில் கலந்துரையாடி, முடிவை ஒரு பக்க அளவில் எழுதி வருக. தொலைபேசி எண், முகவரி போன்ற சொந்தக் குறிப்புகளை அட்டவணையில் எழுத வேண்டா.